நோவு சொல்லும் வெள்ளிக்கிழமை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஞானையன் செய்தது பொய்தான். ஆண்டவர் சந்நிதியில், ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், ஒரு சேவலைக் கூடையில் வைத்துக்கொண்டு சொன்ன பொய். நான் அவர்கள் சபைக்காரன் இல்லை. அய்யாவழிக்காரன், நெற்றியில் நாமம் இட்டு நிழல்தாங்கலுக்குக் கும்பிடப் போகிறவன். ஆனால் என் பலசரக்குக் கடை அவர்கள் சபைக்கு நேர் எதிரே இருந்தது. அந்தக் கட்டடத்தில் ஒரு ஜன்னலுக்கும் கதவு கிடையாது. அவர்கள் பாடுவது, ஜெபிப்பது, கமிட்டிக் கூட்டத்தில் கடித்துக்கொள்வது எல்லாம் புளிக்கும் வத்தல் முளவுக்கும் நடுவே உட்கார்ந்திருந்த இந்தப் பொன்னுலிங்கத்துக்கும் சேர்த்துத்தான். அதனால் எனக்குத் தெரியாமல் அங்கே ஒன்றும் நடந்ததில்லை.

கொல்லம் ஆயிரத்து நூற்றியாறாம் ஆண்டு மாசி மாதம், இங்கிலீஷ் கணக்கில் 1931. எங்கள் பாறையடிவிளை இனயம் கடலுக்கு இரண்டு மைல் வடக்கே. ஞானையனுக்கு அங்கே ஒன்றரை ஏக்கர் செம்மண் விளை. நிறைய மரச்சீனி என்கிற மரவள்ளி, நடுநடுவே வாழை, ஓரத்தில் பத்துத் தென்னை. அவன் பரம சாது. வாய் எல்லாம் அவன் மனைவி பூங்கனிக்குத்தான். திங்கள்சந்தைக்குப் போகிற பாதையில் அவளைத் தெரியாத ஆள் கிடையாது. விடியுமுன் தலையில் கிழங்குப் பெட்டியோடு அவள் நடக்க ஆரம்பித்தால் பின்னால் வருகிற ஆண்பிள்ளைகள் ஓட வேண்டும். சந்தையில் ஒருவன் கிழங்கைத் தட்டிப் பார்த்து, "நாரு இருக்கும் போலயே" என்று இழுத்தால், "நாரு ஒனக்க மண்டைக்குள்ளயாக்கும் மக்கா, கெழங்குல இல்ல" என்பாள். அவன் வாங்காமல் போனதாகச் சரித்திரம் இல்லை.

அந்த நடைக்குத்தான் யானைக்கால் வந்தது. இடது கால். முதலில் தொடையிடுக்கில் நெறி கட்டும். பிறகு குளிர்காய்ச்சல். மூன்று நாள் பல் கிட்டிக் கிடப்பாள். காய்ச்சல் போய்விடும், வீக்கத்தில் கொஞ்சம் போகாமல் தங்கிவிடும். அடுத்த காய்ச்சலுக்கு இன்னும் கொஞ்சம். நாலு வருஷத்தில் கணுக்கால் எங்கே, பாதம் எங்கே என்று தெரியாமல் ஆகிவிட்டது. ஞானையன் வண்டி கட்டி நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். டாக்டர் நல்ல மனுஷன், உள்ளதை மறைக்காமல் சொன்னார். இது முழுதாகப் போகாது. தினமும் சவுக்காரம் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, துணிப்பட்டை சுற்றி, காலை உயர்த்தி வைத்தால் பெருக்காமல் பார்த்துக்கொள்ளலாம். காய்ச்சல் வரும், போகும். அவ்வளவுதான்.

பூங்கனி வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்தாள். அது ஐப்பசி. மாசி வரைக்கும் அப்படியேதான் கிடந்தாள்.

சும்மா சொல்லக்கூடாது, ஊரே வந்து பார்த்தது. வந்தவர்கள் எல்லாம் அவர்கள் வேதத்தில் வருகிற யோபுவைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். யோபுவுக்குப் பருக்கள் வந்ததைப் பார், அவர் பொறுத்ததைப் பார் என்று ஆளுக்கு ஒரு தடவை. தைரியமாக இரு என்றார்கள். மனசை விடாதே என்றார்கள். மனசு என்ன மாட்டுக் கயிறா, விடாமல் பிடிக்க? என் மனைவி செல்லத்தாயும் நிழல்தாங்கலிலிருந்து பதம் என்கிற தீர்த்தமும் திருமண்ணும் கொண்டுபோய் வைத்தாள். பூங்கனி திரும்பியே பார்க்கவில்லை. தலை சீவவில்லை. கஞ்சியை வைத்தால் அது ஆறி ஏடு கட்டும் வரை கிடந்தது.

ஒருநாள் ஞானையன் சவுக்காரம் வாங்க வந்தான். நான் சும்மா இருக்கிற பிறவி இல்லை.

"ஏலே ஞானையா, கெழங்கு பிடுங்கல்லியா? மாசி ஆச்சுல்லா. இனியும் மண்ணுல கெடந்தா வெறகாயிரும்."

"பிடுங்கணும் அண்ணே."

"எப்போ? அடுத்த மாசியிலயா?"

"அவள விட்டுட்டு விளைக்குப் போவ முடியல்ல."

"விளை என்ன கொழும்புலயா கெடக்கு? வீட்டுக்கப் பொறத்தாலதானே."

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். கடையில் யாரும் இல்லை. "அண்ணே, தை மாசம் ஒருநா வாழைக்குத் தண்ணி விட்டுட்டு வாறேன். இவ கெணத்துக் கல்லுல இருக்கா. தண்ணி கோரவும் இல்ல, குளிக்கவும் இல்ல. சும்மா உள்ள பாத்துட்டு இருக்கா. என்னட்டீண்ணு கேட்டேன். 'ஒண்ணுமில்ல, எவ்வளவு ஆழம் இருக்கும்ணு பாத்தேன்'ணா."

நான் சவுக்காரத்தை எடுக்கப் போன கையை நிறுத்தினேன்.

"பதினெட்டு வருசமா தண்ணி கோருத கெணறு அண்ணே. அவளுக்கு ஆழம் தெரியாதா?"

சவுக்காரத்தோடு இரண்டு கருப்பட்டியும் வைத்துக் கட்டிக் கொடுத்தேன். வேறு என்ன செய்ய?

இப்போது டைட்டஸ் உபதேசியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தச் சபைக்கும் தேங்காய்ப்பட்டணம் பக்கம் இன்னும் இரண்டு சபைக்கும் அவர்தான் உபதேசியார். நெடுநெடுவென்று உயரம், குழிவிழுந்த கன்னம். அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. இரண்டு மணிநேரம் பிரசங்கித்தாலும் நின்றபடிதான். ஒரு வீட்டில் நாற்காலி போட்டால், "இருக்கட்டு, இருக்கட்டு" என்று நின்றே காப்பி குடிப்பார். கர்த்தருக்கு முன்னால் நிற்கிற மனுஷன் என்று கிழவிகள் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். தை மாதக் கடைசியில் அவர் ஒரு பிரசங்கம் வைத்தார். கிடைத்த பிறகு நன்றி சொல்ல எவனாலும் முடியும், கிடைக்கும் முன்னாலே நன்றி சொல்லுகிறவனே விசுவாசி என்று. சொல்லிவிட்டு மற்றச் சபைகளைப் பார்க்க இரண்டு வாரம் போய்விட்டார்.

ஞானையன் அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

அவர்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. நன்றிக் காணிக்கை கொண்டுவருகிறவர்கள் எதற்காக என்று ஒரு சீட்டில் எழுதி வைப்பார்கள். உபதேசியார் அதைச் சத்தமாக வாசிப்பார். பசு ஈன்றதற்காக ஒரு படி பால், மகன் நாலாம் வகுப்பில் ஜெயித்ததற்காக ஒரு குலை வாழை, இப்படி. நோயாளி சுகமாகியிருந்தால் அதோடு விடமாட்டார்கள். ஆராதனை முடிந்ததும் சபை முழுவதும் தாளமும் கஞ்சிராவும் எடுத்துக்கொண்டு பாடிக்கொண்டே அந்த வீட்டுக்குப் போகும். சுகமான ஆள் வாசலில் வந்து நின்று ஸ்தோத்திரம் சொல்ல வேண்டும். வீட்டுக்காரர் சுக்குக் காப்பி கொடுக்க வேண்டும்.

காணிக்கை ஆண்டவருக்கு, சீட்டும் ஆண்டவர் பார்க்கத்தான் என்று நினைத்துவிட்டான் போல அந்த மடையன். பிரசங்கத்தை நினைத்தவன் தாளத்தையும் கஞ்சிராவையும் நினைக்கவில்லை. மாசி இரண்டாம் ஞாயிறு, மற்றச் சபைகளிலிருந்து அப்போதுதான் வந்திறங்கிய டைட்டஸ் உபதேசியார் சீட்டை எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து வாசித்தார்: "பாறையடிவிளை ஞானையன், தன் மனைவி பூங்கனி பூரண சுகம் பெற்றதற்காக, ஒரு சேவல்." சேவலும் சரியாக அந்த நேரம் கூவிற்று. உள்ளே ஒரே அல்லேலூயா.

எனக்குக் கடையில் கை ஓடவில்லை. நேற்று மாலைகூடச் செல்லத்தாய் போய்ப் பார்த்துவிட்டு வந்து, காய்ச்சல் விட்டிருக்கிறது, ஆள் நார்போல் கிடக்கிறாள் என்று சொன்னாளே! எட்டிப் பார்த்தால், கடைசி வரிசையில் ஞானையன் அரைத்த மாவுபோல வெளுத்து நிற்கிறான். அவன் வாயைத் திறப்பதற்குள் தாளம் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். நாற்பது பேர் என் கடையைத் தாண்டிப் போனார்கள். நான் கடையைச் சாத்திவிட்டு, செல்லத்தாயையும் கூட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன். வம்பு பார்க்கத்தான் போனேன், எதற்கு மறைக்க?

உச்சி வெயில். முற்றத்துப் பலாமரத்தடியில் நின்று பாடுகிறார்கள், பாடுகிறார்கள், உள்ளிருந்து யாரும் வரவில்லை. மூன்றாவது பாட்டில் கதவு டமார் என்று திறந்தது.

பூங்கனி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலை பரட்டை. கண் குழிக்குள் கிடந்தது. நாலு வருஷமாக யார் கண்ணிலும் படாமல் துணி போட்டு மூடிவைத்த அந்தக் காலை இழுத்து வாசலுக்கு வெளியே வைத்தாள். பாட்டு அறுந்து நின்றது.

"யாருக்குச் சுகம்? ஆருக்கு? இதப் பாருங்கோ. நல்லாப் பாருங்கோ, இதா சுகம்? படுத்தா நோவுது. எழும்பினா நோவுது. நோவாத நேரம், இனி எப்ப நோவுமோண்ணு நோவுது. எனக்குத் தலை சீவப் பிடிக்கல்ல. கஞ்சி குடிக்கப் பிடிக்கல்ல. விடியவே பிடிக்கல்ல. ஒங்க பாட்டும் பிடிக்கல்ல. யோபுவ இனி ஒருத்தரும் இஞ்ச கொண்டு வரப்பிடாது. யோபுவுக்குக் கடைசியில எல்லாம் திரும்பக் கெடச்சுது. எனக்குக் கெடைக்காதுண்ணு டாக்டர் சொல்லியாச்சு. பொறவு எதுக்கு எனக்க முற்றத்துல வந்து தாளம் தட்டுதிய?" பிறகு கணவனைப் பார்த்தாள். "என்ன எழவ எழுதிக் குடுத்திய நீங்க?"

ஞானையன் பலாமரத்தோடு பலாமரமாக நின்றான். பெண்கள் சேலைத் தும்பால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கஞ்சிரா வைத்திருந்தவன் அதை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான். எல்லாரும் உபதேசியாரைப் பார்த்தார்கள். இப்போது ஒரு வசனம் வரும், ஒரு கண்டிப்பு வரும் என்று நானும் பார்த்தேன்.

அவர் தொண்டையைச் செருமினார். "பூங்கனி, எனக்கு மூலமாக்கும்."

"என்னது?"

"மூலம். பன்னிரண்டு வருசமாச்சு. நான் இருந்து பிரசங்கிக்காதது பக்தியினால இல்ல. இருக்க முடியாததுனாலயாக்கும்."

பூங்கனி அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"உபதேசியாரே, அப்போ வீடுகள்ல நிண்ணுட்டே காப்பி குடிப்பியளே, அது?"

"அதும் அதுதான்."

"எனக்க அம்ம சாவுத வரைக்கும் ஒங்களப் பரிசுத்தவான்ணு சொல்லிட்டிருந்தாளே!"

"நான் திருத்தல்ல. அது எனக்க பாவம்."

அவள் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமுகிறாள் என்று நினைத்து ஞானையன் தண்ணீருக்கு ஓடினான். இருமல் இல்லை. சிரிப்பு. ஐப்பசிக்குப் பிறகு முதல் சிரிப்பு, துருப்பிடித்த கப்பிபோல வந்தது. அவள் சிரித்ததும் நாற்பது பேரும் சிரித்தார்கள். உபதேசியார் மட்டும் சிரிக்கவில்லை. பன்னிரண்டு வருஷ மூட்டையை இறக்கிவைத்த மனுஷன், கண் கலங்கி நின்றார்.

பூங்கனிக்கு அதற்குமேல் நிற்க முடியவில்லை. வாசற்படியிலேயே காலை நீட்டி உட்கார்ந்தாள். "இன்னும் ஆருக்கு என்ன நோவுது? சொல்லுங்கோ. மினக்கெட்டு வந்துட்டியல்லா."

என் செல்லத்தாய் முந்திக்கொண்டாள். ஏழு வருஷமாக இடது பக்கம் மெல்ல முடியவில்லையாம். எனக்கே புதுச் செய்தி. நானும் விடுவேனா? "எனக்க இடுப்பு ஊருக்கே தெரியும்" என்றேன், கொஞ்சம் பெருமையாகத்தான்.

பூங்கனி கிழங்கைத் தட்டிப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தாள். "அண்ணனுக்கு எப்ப நோவும்?"

"எப்பவும்தான்."

"சாக்கு எறக்கும்போ?"

"கொடுமையாட்டு நோவும்."

"நிழல்தாங்கல்ல திருஏடு வாசிப்புக்குப் பதினேழு நாளும் சம்மணம் போட்டு இருந்தியளே, அப்போ?"

நான் யோசித்தேன். "அப்போ அவ்வளவு இல்ல."

"பாதி நோவு" என்று சொல்லித் தள்ளிவிட்டாள். எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. செல்லத்தாய் பதினைந்து வருஷமாக நம்பி எண்ணெய் தேய்த்துவிட்ட இடுப்பு அது!

கிளம்பும்போது உபதேசியார், "ஜெபம் பண்ணட்டா?" என்று கேட்டார்.

"பண்ணுங்கோ. ஆனா சுகமாக்கும் சுகமாக்கும்ணு பண்ணப்பிடாது. நோவுதுண்ணு மட்டும் சொல்லுங்கோ. அவருக்கும் தெரியட்டு."

டைட்டஸ் உபதேசியார் கண்ணை மூடினார். "ஆண்டவரே, இஞ்ச எல்லாருக்கும் நோவுது. ஆமென்." அவர் வாழ்நாளிலேயே சின்ன ஜெபம் அதுதான் என்று சபையில் இன்றைக்கும் சொல்வார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் தானாகவே வந்தார். மூலத்துக்கு ஆளுக்கு ஒரு புத்தி சொல்லி, கமிட்டிக்காரர்கள் யோபுவின் சிநேகிதர்கள் மாதிரி வந்து வதைத்தார்களாம். வேறு யாரிடம் சொல்ல? அவர் வருவதைப் பார்த்துச் செல்லத்தாய் போனாள். செல்லத்தாய் போனால் நான் போகாமல் இருக்க முடியுமா, என் இடுப்பின் மானம் அங்கே கிடக்கிறதே. ஆள் துணைக்கு இருக்கிறதைப் பார்த்த ஞானையன் ஒரு மாதத்துக்கு அப்புறம் மண்வெட்டியை எடுத்தான். நாலு மூடு கிழங்கு பிடுங்கி முற்றத்தில் கொண்டுவந்து போட்டான். பூங்கனி ஒரு கிழங்கை எடுத்து ஒடித்துப் பார்த்தாள்.

"இன்னும் ரெண்டு வாரம் விட்டிருந்தா அடுப்புல வெறகா வைக்கலாம். எட்டி செல்லத்தாய் மயினி, அந்தப் பிச்சாத்திய எடு."

அப்படித்தான் ஆரம்பித்தது. பிச்சாத்திக் கத்தியால் கிழங்கின் தோலைக் கீறி உரிப்பது, வட்டம் வட்டமாக அரிவது, கழுவி வீட்டுக்கு மேற்கே உள்ள பாறையில் பரப்புவது. மாசி வெயிலில் பாறை தோசைக்கல்போலச் சுடும். இரண்டே நாளில் வெட்டுக்கிழங்கு கலகலவென்று காய்ந்துவிடும். பூங்கனி கட்டிலைப் பலாமரத்தடியில் போடச் சொல்லி, கவிழ்த்த பெட்டிமேல் காலைத் தூக்கிவைத்துக் கிழங்கு அரிவாள். பட்டை சுற்றிய கால், மூடாமல், ஊர் பார்க்க. எங்கள் வாய் நோவு சொல்லும், கை கிழங்கு அரியும். சட்டம் அவள் போட்டதுதான். யோபு பேச்சு கிடையாது. "எல்லாம் செரியாவும்" என்று சொல்லக்கூடாது. எண்ணெய், பத்தியம், மந்திரம் எதுவும் சிபாரிசு செய்யக்கூடாது. மீறினால் ஒரு பெட்டி கிழங்கு கூடுதலாக உரிக்க வேண்டும். முதல் மூன்று வாரமும் அந்தத் தண்டனை எனக்குத்தான். எனக்குத் தெரிந்த எண்ணெயைச் சொல்லாமல் எப்படி இருக்க முடியும்?

வெள்ளிதோறும் இனயத்திலிருந்து காவடிக் கம்பில் கூடை கட்டி மீன் கொண்டுவருகிற ததேயுஸ் அண்ணன் ஒருநாள் சிரிப்புச் சத்தம் கேட்டு உள்ளே வந்தார். தோள்பட்டை உயராமல் கடலுக்குப் போவதை விட்டவர். மிஞ்சிய சாளை மீனைப் பூங்கனியிடம் கொடுத்தார். செல்லத்தாய் அதைப் புளியும் முளவும் கூட்டிப் புளிமுளம் வைத்தாள். அவித்த மரச்சீனி, சாளைப் புளிமுளம், காந்தாரி முளவு உடைத்த சம்மந்தித் துவையல். கண்ணிலும் மூக்கிலும் தண்ணி ஒழுகத் தின்றோம். உபதேசியார் நின்றுகொண்டே தின்றார், இப்போது ஒருவரும் கண்ணில் ஒற்றிக்கொள்ளவில்லை.

"ததேயுஸ் அண்ணனுக்கு எங்க நோவுது?" என்று பூங்கனி விசாரணையை ஆரம்பித்தாள்.

"தோளு."

"காவடி சொமக்கும்போவா?"

"காவடி சும்மா பிள்ளே. வள்ளம் கரையேறும்போ பிடிச்சு இழுக்கப் போவேன். எனக்க மக்க, 'நீங்க மாறி நில்லுங்கோ அப்பா'ண்ணு சொல்லுவானுவ. அப்பத்தான் நோவும்."

பூங்கனி அரிவதை நிறுத்தினாள். "எனக்குத் திங்கக்கிழமை நோவும். வெடிய முன்ன பெண்ணுவ பெட்டி சொமந்து சந்தைக்குப் போற சத்தம் கேக்கும். சிரிச்சுட்டுப் போவாளுவ. அப்போ காலு நோவாது. காலுக்கு மேல எங்கயோ நோவும்."

"அங்கதான்" என்றார் ததேயுஸ்.

நான் ஒரு எண்ணெயும் சொல்லவில்லை. பிறகு செல்லத்தாய் பல்லுக்கிடையில் முள் மாட்டிக் கத்த, மறுபடி கூத்தாகிவிட்டது.

எல்லா வெள்ளியும் அப்படி இல்லை, பொய் சொல்ல மாட்டேன். நாலாவது வெள்ளி அவள் எழுந்திருக்கவில்லை. காய்ச்சல் இல்லை, நெறி இல்லை, சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள், அவ்வளவுதான். ஞானையன் முகம் செத்துப்போயிற்று. நாங்கள் வாசலுக்கு வெளியே உட்கார்ந்து, அவளுக்குக் கேட்கிற மாதிரி பேசிக்கொண்டே அரிந்தோம். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. அடுத்த வாரம் அவள் தலையைச் சீவி முடிந்துகொண்டு கட்டிலில் இருந்தாள். "போன வாரம் பொன்னுலிங்கம் அண்ணன் சொன்னது முழுக்கப் பொய்யி. இடுப்பு நோவுதவன் பலாமரத்துல ஏறுவானா?" என்றாள். நான் சண்டைக்குப் போனேன். ஆனால் உள்ளுக்குள் எனக்கு இருந்த சந்தோஷத்தை என்ன சொல்ல! படுத்துக் கிடந்தாலும் காது எங்களோடுதான் இருந்திருக்கிறது.

ஆறாவது வெள்ளி, பங்குனிக் கடைசி. மத்தியானம் நாங்கள் போனபோது ஞானையன் படலுக்கு வெளியே நின்றான்.

"இண்ணைக்குக் கூட்டம் இல்ல அண்ணே. காலையில நெறி கட்டிச்சு. குளிரு தூக்கிப் போடுது. எல்லாரும் போங்கோ."

ஒன்றரை மாதமாகக் காய்ச்சல் எட்டிப் பார்க்கவில்லை. இனி மறுபடியும் முதலிலிருந்து. மறுபடி சுவர், மறுபடி ஆறின கஞ்சி. அவன் கை படலைப் பிடித்த பிடியில் நரம்பு புடைத்திருந்தது. உபதேசியார் தொப்பியைக் கழற்றி மறுபடி வைத்தார். திரும்பி நாலு அடி நடந்திருப்போம், தெற்கே ஒரு இடி. பார்த்தால் கடல் பக்கம் முழுக்கக் கறுத்துக்கொண்டு வருகிறது. பாறையில் ஞானையனின் கிழங்கில் பாதி கிடக்கிறது!

கோடைமழைக்கு நோவு தெரியுமா? ஓடினோம். செல்லத்தாய் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினாள். ததேயுஸ் ஒற்றைக் கையால் வாரினார். உபதேசியார் குனிய முடியாமல் குனிந்து, "ஆண்டவரே, ஆண்டவரே" என்று அள்ளினார். என் இடுப்பு எங்கே போயிற்று என்று எனக்கே தெரியவில்லை. முதல் துளி விழுகிற நேரத்தில் எட்டுச் சாக்குக் கிழங்கோடு எல்லாரும் வீட்டுக்குள் பாய்ந்தோம். இருப்பது ஒரே அறை. சாக்கின்மேல் ஆள், ஆள்மேல் சாக்கு. கூரையில் மழை கொட்டுகிறது. நனைந்த மண்வாசம், வியர்வை, மீன்கூடை. எங்களுக்கு மூச்சு வாங்குகிறது, சிரிப்பும் வருகிறது, சிரிக்கலாமா என்றும் தெரியவில்லை. மூலையில் கட்டிலில் பூங்கனி மூன்று துணிக்கு அடியில் நடுங்கிக்கொண்டு கிடந்தாள். முகம் சுவரைப் பார்த்திருந்தது.

"இவியள நான் போவச் சொன்னேன் பிள்ளே. மழையாக்கும். விட்டதும் போயிருவாவ" என்றான் ஞானையன், கெஞ்சுகிற குரலில்.

"ஆரு போவச் சொன்னா?" துணிக்கு அடியிலிருந்து பல் அடிக்கிற சத்தத்தோடு வந்தது. பிறகு கட்டில் முனகிற்று. அவள் திரும்பினாள். முகம் சிவந்து, கண் பளபளவென்று இருந்தது. "வெள்ளிக்கிழமையில்லா? இண்ணைக்கு மொதல்ல நான்."

செல்லத்தாய் சாக்குமேல் நகர்ந்து அவள் பக்கம் போனாள்.

"தொடையிடுக்குல தீக்கொள்ளி வச்சது மாதிரி இருக்கு. எலும்புக்குள்ள குளிருது. மறுபடியும் வந்துட்டுதேண்ணு அழுகையா வருது. இனியும் வரும். அதும் தெரியும்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "அவ்வளவுதான். அடுத்தது ஆரு?"

நான் வாயைத் திறந்தேன். "அண்ணன் சும்மா இரி" என்றாள். கண் கஞ்சிக் கிண்ணத்தோடு நின்ற ஞானையன்மேல் இருந்தது. "நீங்க சொல்லுங்கோ. ஆறு வெள்ளி ஆச்சு. எல்லாருக்கும் காப்பி கொண்டு தாறிய, சாக்கு எடுத்துத் தாறிய, ஒரு நாளாவது வாயத் தெறந்தியளா?"

"எனக்கு ஒரு நோவும் இல்ல பிள்ளே."

"இஞ்ச பொய் சொல்லப்பிடாது."

அவன் எங்களைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். உபதேசியார் அவன் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கிக்கொண்டார்.

"பயமாக்கும்" என்றான். "நீ கெணத்துக் கல்லுல இருந்தேல்லா, அண்ணைக்கு மொதல். நெஞ்சுல ஒரு பாரம், எறங்க மாட்டேங்குது. அந்தச் சீட்டு எழுதினதும் பயத்துலதான். ராத்திரி ஒறங்கிப் போவேனோண்ணு பயம். நான் ஒறங்கும்போ நீ எழும்பிப் போயிருவியோண்ணு, ஒனக்க சேலைத் தும்ப எனக்கக் கையில முடிஞ்சு வச்சுட்டாக்கும் தெனமும் கெடக்கது. நீ அசைஞ்சா நான் முழிச்சிருவேன்."

அவ்வளவு பேச்சு அவன் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. அழுதுவிட்டான். ஐம்பது வயது ஆண்பிள்ளை, எங்கள் எல்லார் முன்னாலும் தோள் குலுங்க அழுதான். செல்லத்தாயும் அழுதாள். நான் மழையைப் பார்த்தேன்.

பூங்கனி துணிக்குள்ளிருந்து கையை நீட்டி அவன் வேட்டியைப் பிடித்து இழுத்துக் கட்டில் விளிம்பில் இருத்தினாள். அவள் கை நடுங்கியதில் அவனும் சேர்ந்து நடுங்கினான்.

"தெரியும்" என்றாள். "மொத நாளே தெரியும்."

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"பதினெட்டு வருசம் சந்தைக்குச் சாக்கு கட்டினவளாக்கும் நான். நீங்க போடுத முடிச்சு எனக்கு அவுக்கத் தெரியாதா? தெனமும் விரல வச்சுப் பாப்பேன். அவுக்கல்ல."

பிறகு உபதேசியாரிடம் கையை நீட்டி, கஞ்சியைக் கேட்டாள்.